கட்டில் இருக்கு, மெத்தை உங்களோடது: ஓ.எம்.ஆரில் ஃபர்னிஷ்டு வீடு தேடிய கதை

முழுதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் சோழிங்கநல்லூரில் ஒரு பெட்ரூம் ஃபர்னிஷ்டு வீடு, வாடகை 19,500, மெயின்டனன்ஸ் 1,800, மூன்று மாத அட்வான்ஸ். பதினோரு மாதம் இருந்துவிட்டு இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன். வீட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வீடு தேடிய அனுபவத்துக்கு அரை மார்க்கூடக் கொடுக்க மாட்டேன்.

ஃபர்னிஷ்டு எதற்கு என்று என் அம்மா இன்றுவரை கேட்கிறார். ஆபீஸில் ஒரு வருட புராஜெக்ட்டுக்காக என்னைக் கோயம்புத்தூரிலிருந்து இங்கே அனுப்பினார்கள். அங்கே என் வீடு, கட்டில், பீரோ எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு வருடத்துக்காக அதையெல்லாம் லாரியில் ஏற்றி, திரும்ப இறக்கி, வழியில் கண்ணாடி உடைந்து யாரோடோ சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அம்பத்தூரில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே தங்கு என்றார்கள். அம்பத்தூரிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் போய்வருவது என்றால் சித்தி வீட்டில் நான் தூங்க மட்டும்தான் முடியும். லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று பேர் ஒரு அறையில் இருப்பது இருபத்திரண்டு வயதில் ஜாலி, முப்பத்தொன்றில் இல்லை.

சரி, ஆப்களில் இருந்து தொடங்கினேன். புரோக்கரே கிடையாது, நேரடியாக ஓனரிடம் பேசலாம் என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆப். முதல் சில நம்பர்கள் இலவசம், அப்புறம் பணம் கட்டி பிளான் வாங்க வேண்டும். வாங்கினேன். நான் கூப்பிட்ட 'ஓனர்'களில் பாதிப் பேர், "மேடம், அந்த வீடு நேத்துதான் போச்சு, அதே மாதிரி வேற ஒண்ணு இருக்கு, உங்க பட்ஜெட் என்ன?" என்றார்கள். எந்த ஓனர் இப்படிப் பேசுவார்? ஒருவர் மட்டும் உண்மையான ஓனர், ஆனால் அவர் போட்டிருந்த படங்கள் வீடு புதிதாக இருந்தபோது எடுத்தவை. படத்தில் வெள்ளையாக இருந்த சோபா நேரில் டீ நிறத்தில் இருந்தது. படத்தில் இருந்த டி.வி. நேரில் சுவரில் நான்கு துளைகளாக இருந்தது.

இன்னொரு விஷயம், இதில் சிக்காதீர்கள். தரமணியில் ஒரு வீடு, சூப்பரான படங்கள், 14,000 வாடகை. அந்த ஏரியாவில் அந்த விலைக்கு வெறும் வீடே கஷ்டம். கூப்பிட்டால், தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வெளி மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டதாகவும், கேட்டில் பாஸ் போட ஒரு சின்னத் தொகையை கியூ.ஆர். கோடில் அனுப்பினால் வீட்டைப் பார்த்தவுடன் திரும்பக் கொடுத்துவிடுவதாகவும் ஒருவர் இந்தியில் சொன்னார். அடையாள அட்டைப் படம்கூட அனுப்பினார். இது ஊர் ஊராக ஓடும் பழைய மோசடி. என் தம்பிக்கு விஷயம் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன், பாஸ், ரெஜிஸ்ட்ரேஷன் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

மொத்தம் பதினான்கு வீடு பார்த்தேன். பெரும்பாக்கம், மேடவாக்கம், நாவலூர், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர். ஃபர்னிஷ்டு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் அர்த்தமே கிடையாது என்று அப்போதுதான் புரிந்தது. கப்போர்டு, மாடுலர் கிச்சன், ஃபேன், லைட், கீசர் இவ்வளவு இருந்தால் அது செமி ஃபர்னிஷ்டு, சரி, அது ஓரளவு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு. அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தாலும் சிலருக்கு அது ஃபுல்லி ஃபர்னிஷ்டு. மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் அருமையான தேக்குக் கட்டில், மேலே வெறும் பலகை. மெத்தை எங்கே ஆன்ட்டி என்றேன். "மெத்தை எப்படிம்மா குடுக்க முடியும், அதெல்லாம் அவங்கவங்க சொந்தமா வச்சுக்கிறதில்லையா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அப்போது கட்டிலுக்கு எதற்கு ஆன்ட்டி மாதம் இரண்டாயிரம்?

நாவலூரில் இரண்டு பெட்ரூம் வீடு. ஒரு அறை பூட்டியிருந்தது. "அதுல எங்க சாமான் இருக்கு, அந்த ரூமை மட்டும் விட்டுடுங்க, மத்தபடி வீடு பூரா உங்களோடதுதான்." வாடகை மட்டும் இரண்டு பெட்ரூமுக்கு. காரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் பூஜை அலமாரி நிறைய சாமி படங்கள். அதை நகர்த்தக்கூடாது, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும், அசைவம் கூடாது. வீட்டை வாடகைக்கு விடுகிறாரா, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வேலைக்கு நான் மாதம் 24,000 கொடுக்க வேண்டும்.

தனியாக இருக்கும் பெண் என்பதற்கான கேள்விகள் தனி. கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகல, அம்மா அப்பா வந்து தங்குவாங்களா, நைட் ஷிஃப்ட் உண்டா, ஃப்ரெண்ட்ஸ் வருவாங்களா. என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போன வீடுகளில், வாடகை கட்டப்போகும் என்னை விட்டுவிட்டு, காலேஜ் படிக்கும் அவனிடம் பேசினார்கள். அவன் வீட்டைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி வைஃபை எங்கே என்பதுதான்.

ஓ.எம்.ஆரில் மட்டும் ஏன் இவ்வளவு ஃபர்னிஷ்டு வீடுகள், மேற்கு மாம்பலத்திலோ பெரம்பூரிலோ ஏன் இவ்வளவு கிடைப்பதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? இங்கே பல ஃபிளாட்டுகள் குடியிருக்க வாங்கியவை அல்ல, முதலீடாக வாங்கியவை. பையன் வெளிநாட்டில், அப்பா தாம்பரத்தில், ஃபிளாட் நாவலூரில். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வெளிநாடு போனவர்கள் சாமானை விற்க மனமில்லாமல் அப்படியே விட்டுப் போனதுதான் பல 'ஃபர்னிஷ்டு' வீடுகள். அதனால்தான் ஒரு வீட்டில் குழந்தைத் தொட்டில் இருக்கும், மிக்ஸி இருக்காது.

இங்கே யாரும் சொல்லாத ஒரு விஷயம். வீட்டு ஓனர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகையில் வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவருடையது. வாடகை சின்னத் தொகைதானே என்ற விலக்கு இதில் கிடையாது. பெரும்பாலானவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை, புரோக்கர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் நோட்டீஸ் வந்தால் அது நம் பெயருக்குத்தான் வரும். நான் உள்ளூரில் இருக்கும் ஓனர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்குக் கணக்குக் காட்டும்போது வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். நான் பார்த்த எந்த வீடும் லட்சத்துக்குள் அடங்காது. "பான் எல்லாம் குடுக்கிறதில்லைம்மா, கேஷா குடுத்துடுங்க" என்பவர்களிடம் முதல் போனிலேயே நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

அறை தனி, மற்றது பொது என்று வாடகைக்கு விடும் கோ-லிவிங் கம்பெனிகளையும் பார்த்தேன். பெருங்குடிப் பக்கம் ஒன்று. உண்மையைச் சொன்னால் அறை சுத்தமாக இருந்தது, மெத்தை புதிது, வாரம் மூன்று நாள் ஆள் வந்து பெருக்கித் துடைப்பார்கள், வைஃபை ஓடியது. சமையலறை பொது. ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள், ஒரு தயிர் டப்பாவில் 'இதைத் தொட்டவன் நாசமாய்ப் போவான்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் இது எனக்குச் சரிப்படாது என்று முடிவு செய்தேன். ஆறு மாதம் லாக்-இன், அதற்குள் கிளம்பினால் டெபாசிட் போச்சு. இரண்டு மூன்று மாதத்துக்கு வருபவர்கள் அப்படிப் பூட்டு இல்லாத இடம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.

கடைசியில் வீடு கிடைத்தது எப்படி என்றால், ஆப்பும் இல்லை, புரோக்கரும் இல்லை. ஆபீஸுக்குப் பின் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். எந்த வீடு காலி, யார் எப்போது காலி செய்யப் போகிறார்கள், எந்த ஓனர் நல்லவர், எந்த அபார்ட்மென்ட்டில் தண்ணீர் வராது, எல்லாம் அவருக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் ஒரு வீடு இருக்கிறது, ஓனர் தாம்பரத்தில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க்காரர் என்று சொல்லி நம்பர் வாங்கிக்கொடுத்தார். புரோக்கருக்குப் போயிருந்தால் ஒரு மாத வாடகை கமிஷன். இவருக்கு ஒரு சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தேன், அதையும் சும்மா வாங்கிக்கொள்ளத் தயங்கினார்.

ஓனர் அங்கிள் முதலில் கேட்டது 22,000, அட்வான்ஸ் ஆறு மாதம். வீட்டில் இருந்தவை: கட்டில் (மெத்தையோடு!), ஒரு ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இரண்டு பேர் உட்காரும் சோபா, கண்ணாடி டீபாய், கேஸ் அடுப்பு, ஒரு மேசை.

இங்கேதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். அதே அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் அதே அளவு செமி ஃபர்னிஷ்டு வீடு 15,000 என்று வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படியானால் சாமானுக்கு மட்டும் அங்கிள் கேட்பது மாதம் 7,000. ஃபர்னிச்சரை மாத வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் இதே சாமான்களைப் போட்டு விலை பார்த்தேன், மாதம் 4,200 வந்தது. அப்புறம் பழைய சாமான் வாங்கினால் எவ்வளவு என்று ஒரு கணக்கு: கட்டில் மெத்தை 9,000, ஃப்ரிட்ஜ் 8,000, வாஷிங் மெஷின் 7,000, ஏசி மாட்டுக்கூலியோடு 20,000, மீதி சில்லறைச் சாமான் 5,000. ஆக 49,000. வருடக் கடைசியில் பாதி விலைக்கு விற்றால்கூட எனக்கு நஷ்டம் கிட்டத்தட்ட 25,000, வண்டிக்கூலி இருமுறைக்கும் சேர்த்து 10,000 வைத்தால் 35,000. அங்கிள் கேட்டபடி கொடுத்தால் பதினோரு மாதத்தில் சாமானுக்கு மட்டும் 77,000! ஐந்து மாதத்துக்கு மேல் இருப்பதாக இருந்தால் 7,000 கொடுப்பது சுத்த நஷ்டம்.

இதையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதி அங்கிளிடம் காட்டினேன். பேங்க்காரர் அல்லவா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டலைச் சரிபார்த்தார். "டிப்ரிஸியேஷன் போடலையேம்மா" என்றார், சாமானின் தேய்மானத்தைச் சொல்கிறார். கடைசியில் 19,500க்கு இறங்கினார். சாமானுக்கு 4,500. வாடகைக் கம்பெனி விலையைவிட 300 அதிகம், ஆனால் எனக்குச் சாமான் இறக்குவதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டியதில்லை. பழையதை வாங்கி விற்பதைவிட வருடத்தில் 14,500 கூடுதல்தான். விற்கும்போது "லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ" என்று நடு இரவில் மெசேஜ் போடுபவர்களிடமிருந்து தப்பித்ததற்கு அதைக் கூலியாக எழுதிவிட்டேன். நீங்கள் இரண்டு வருடம் இருக்கப் போகிறீர்கள் என்றால் என் வழியில் வராதீர்கள், செமி ஃபர்னிஷ்டு எடுத்துப் பழைய சாமான் வாங்கிப்போடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்திலும் பேசலாம். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. அந்த 'வேறு மாதிரி ஒப்புக்கொண்டால்' என்ற ஓட்டை வழியாகத்தான் ஆறு மாதமும் பத்து மாதமும் நுழைகிறது. காலி செய்யும்போது பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இந்த ஊர் வழக்கம். ஆனால் அதே சட்டத்தின் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் ஓனர் வேலை. குழாய் வாஷர் மாற்றுவது மாதிரி சின்ன வேலைகள்தான் நம் தலையில். இதைச் சண்டையாகச் சொல்லாமல், ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே சிரித்துக்கொண்டே சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒத்துக்கொண்டார். பெயின்டிங்குக்கு "பாத்துக்கலாம்" என்றார். இந்தப் 'பாத்துக்கலாம்' இருக்கிறதே, அதை எழுத்தில் வாங்காமல் விட்டது என் தப்பு.

ஃபர்னிஷ்டு வீட்டு ஒப்பந்தத்தில் சாமான் பட்டியலைத் தனியாக இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஏசி பழுதானால் யார் செலவு, ஃப்ரிட்ஜ் ஓடாவிட்டால் யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சாமானையும் கீறல் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். எங்கள் டீபாயின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு உடைசல் முதல் நாளே இருந்தது. அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது, அங்கிளுக்கு அனுப்பியதும் இருக்கிறது, அதற்கு அவர் கட்டைவிரல் போட்டதும் இருக்கிறது.

இனி இருந்து பார்த்த வீட்டைப் பற்றி. கட்டில் திடமானது. மெத்தை நடுவில் குழி, இரண்டு மாதம் பொறுத்துவிட்டு மேலே போடும் ஃபோம் ஒன்று வாங்கினேன். வாஷிங் மெஷினுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜ் ராத்திரி இரண்டு மணிக்கு லாரி கிளம்புகிற மாதிரி உறுமும், பழகிவிட்டது. ஊருக்குப் போனால் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. ஏசிதான் வில்லன். பழைய மாடல், கரண்டைக் குடிக்கிறது. ஏப்ரல், மே கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. நம் ஊர் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஆகவே வீடு பார்க்கும்போது கோடைக்கால ஈ.பி. பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அது ஏசியின் ஜாதகம். நல்லவேளை எங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர், முதல் 100 யூனிட் இலவசம் எனக்கே வந்தது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வசூலிக்கும் தனி வீடுகளில் அந்த நூறும் போய்விடும், கவனம்.

தண்ணீர் லாரியில்தான் வருகிறது, அதுதான் மெயின்டனன்ஸில் பெரும்பங்கு. போர் தண்ணீர் உப்பு. குளித்தால் சோப்பு நுரைக்காது, கீசர் ஒருமுறை அடைத்துக்கொண்டது. 2019 கோடையில் இந்த ரோட்டில் கம்பெனிகளே ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன கதையை லிஃப்ட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். மழை பற்றி இஸ்திரி அண்ணனிடமே கேட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று தண்ணீர் எது வரை வந்தது என்று கார் நிறுத்தும் இடத்துத் தூணில் கைவைத்துக் காட்டினார், என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றிக் கட்டிய ஊரில் தரைத்தளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் எடுக்க மாட்டேன். இந்தக் கேள்வியை எந்த ஆப்பிலும் கேட்க முடியாது.

மெட்ரோ வேலை நடக்கிறது, மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் வழித்தடம் இந்த ரோட்டின் நடுவிலேயே வருகிறது. பால்கனியில் துணி காயப்போட்டால் மாலையில் திரும்பத் துவைக்க வேண்டிய அளவுக்குத் தூசி. ரோட்டைப் பார்த்த வீட்டைவிட உள்தெருவில் இருக்கும் வீடு நல்லது, ஆபீஸுக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்தால் இன்னும் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். நான் பன்னிரண்டு நிமிடம் நடந்தேன், அந்த வகையில் தினமும் அங்கிளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஓனரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். ஏசி கேஸ் இறங்கியபோது அன்று மாலையே ஆள் அனுப்பினார், பணமும் அவரே கொடுத்தார். முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாளும் வந்து கதவைத் தட்டவில்லை. பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து கொடுத்தார். போன வாரம் காலி செய்யும் பேச்சை எடுத்தபோதுதான், "பெயின்டிங்குக்கு ஏதாவது பாத்துப் பண்ணலாம்மா, சுவர் கொஞ்சம் அழுக்காயிருக்கு" என்று இழுத்தார். அட்டவணையை பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். 30ஆம் தேதி காலை பத்து மணிக்குச் சாவி வாங்க வருகிறார், கண்ணாடியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

மெத்தை மேலே போட்ட ஃபோமை விட்டுவிட்டுத்தான் போகிறேன். அடுத்து வருபவர், அங்கிள் அதையும் பட்டியலில் சேர்த்து வாடகை கேட்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.